கறுப்பு பிளாஸ்ரிக்கை மெசினால் தரம் பிரிக்க ஏலாதா?

"கறுப்பு பிளாஸ்ரிக்கை எந்த மெசினும் கண்டுபிடிக்காது என்கிறார்கள். பழைய சாமான் வாங்குபவர்கள் அதற்கு விலை குறைப்பது அதனால்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மெசின் கண்டுபிடிக்காது என்பது இப்போது சரியில்லை. விலை குறைப்பது உண்மைதான்.

நானும் சித்தப்பாவும் கொக்குவிலில் பழைய பிளாஸ்ரிக் வாங்கி, பிரித்து, அரைத்துக் கொழும்புக்கு அனுப்புகிறோம். வாளி, கதிரை, சோடாப் போத்தல் என்றால் கை தானாகப் பிரித்துவிடும். ரீவியின் பின்மூடி, பிரின்ரர் கோது என்று கறுப்பாக வந்தால்தான் தயங்கி நிற்போம்.

இப்படிக் கோதுகளுக்குப் பாவிக்கிற இரண்டு வகைப் பிளாஸ்ரிக்தான் ஏபிஎஸ்ஸும் எச்ஐபிஎஸ்ஸும். போன வருசம் ஏபிஎஸ் சாக்குகளுக்குள் ஒரு சாக்கு எச்ஐபிஎஸ் கலந்து போய்விட்டது. வாங்கியவர் முழுவதையும் திருப்பி அனுப்பினார். அதை உருக்கி வார்த்த துண்டு ஒன்றும் கூட வந்தது. கையில் எடுத்து வளைத்தேன். அப்பளம் மாதிரி முறிந்து, முறிந்த இடத்தில் ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத சாதி.

தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாமே என்பீர்கள். பொலித்தீனும் பொலிப்புறொப்பிலீனும் மிதக்கும், அது சுகம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ஏபிஎஸ், எச்ஐபிஎஸ் இரண்டின் அடர்த்தியும் 1.05க்குக் கிட்ட என்பதால் இரண்டுமே தாழும். உப்பைக் கரைத்தால் இரண்டும் சேர்ந்தே மேலே வரும். சித்தப்பா லைற்றரால் சுட்டு மணந்து பார்ப்பார். வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். பழைய ரீவி மூடிகளில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கும். அந்தப் புகை நெஞ்சுக்குள் போகவே கூடாது.

பெரிய ஆலைகளில் பெல்ற்றில் ஓடும் பிளாஸ்ரிக்கின் மேல் அகச்சிவப்பு வெளிச்சம் அடித்து, தெறித்து வருவதைக் கமராவால் பார்ப்பார்கள். வழக்கமாக 0.9 முதல் 1.7 மைக்ரோன் அலைநீளம் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு பிளாஸ்ரிக்கும் அதை ஒவ்வொரு விதமாகத் திருப்பும். இனம் தெரிந்ததும் பெல்ற்றின் முனையில் காற்றை ஊதித் தனியே தள்ளிவிடும். கறுப்பு நிறம் பெரும்பாலும் நுண்கரித் தூளால் வருவது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போட்டாலே அந்த வெளிச்சத்தை முழுக்கக் குடித்துவிடும். பெல்ற்றும் கறுப்பு. அதனால் அங்கே ஒரு சாமான் கிடப்பதே கமராவுக்குத் தெரியாது.

அலைநீளத்தைக் கூட்டினால் நிலைமை மாறுகிறது. பின்லாந்தின் ஸ்பெசிம் கம்பனி செய்யும் எஃப்எக்ஸ்50 கமரா 2.7 முதல் 5.3 மைக்ரோன் வரை பார்க்கும். முந்திய அலைநீளத்தில் பிளாஸ்ரிக் மூலக்கூறுகளின் அதிர்வின் மெலிந்த எதிரொலிதான் கிடைக்கும், இதில் அதிர்வே நேரே கிடைக்கும். கரி இருந்தாலும் அடையாளம் மிஞ்சும். ஏபிஎஸ்ஸில் காபனும் நைதரசனும் மும்மைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும். அந்தப் பிணைப்பு 4.5 மைக்ரோனுக்குக் கிட்ட ஒளியை உறிஞ்சும். எச்ஐபிஎஸ்ஸில் அந்தப் பிணைப்பே இல்லை. தண்ணீரும் உப்பும் பிரிக்காததை இந்த ஒரு அடையாளம் பிரித்துவிடுகிறது! இதை முதல் முதல் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

குறைகளும் உண்டு. மேற்பரப்பைத்தான் பார்க்கும், பெயின்ற் அடித்திருந்தால் ஏமாறும். புரோமின் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும். அந்த அலைநீளத்தில் கமராவின் சொந்தச் சூடே குறுக்கே வரும் என்பதால் சென்சரைக் கடுமையாகக் குளிர்விக்க வேண்டும், அதனால் விலையும் ஏறும். எங்கள் கொட்டில் அளவுக்கு அது கட்டாது.

பிரிக்க நேரம் பிடிக்கிறது, பிழைத்தால் நட்டம் எங்களுக்கு. அதனால்தான் கறுப்புக்கு விலை குறைக்கிறோம். ஆனால் பின்மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்ரிக்கின் பெயர் பொறித்திருக்கும். அந்த இடத்தை உடைக்காமல் கொண்டு வந்தால் சரியான சாக்கில் போடுவோம், விலையும் கூட்டித் தருவோம்.