சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: கன்வல்யூஷன் சிப் பற்றிச் சில கேள்விகள்

எஃப்.பி.ஜி.ஏ. (சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகையில் 512 பெருக்கிகளை வைத்து கன்வல்யூஷன் (படத்தின் மேல் ஒரு சிறு எண் சாளரத்தை நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் கணக்கு) முடுக்கி செய்திருக்கிறேன். தாளில் கணக்கிட்ட வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. இன்னும் பெருக்கிகளைச் சேர்க்கலாமா? – இறுதியாண்டு மாணவர்

வேண்டாம். இருக்கிற பெருக்கிகளே எண் வரும் என்று வாசலைப் பார்த்தபடி நிற்கின்றன. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கவுண்ட்டர் வைத்து, உள்ளீடு வராமல் அவை எத்தனை சுழற்சி சும்மா இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். என் முதல் வடிவமைப்பில் இதை எண்ணிய அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

படங்களை அடையாளம் காணும் நியூரல் நெட்வொர்க்கான ரெஸ்நெட்-50இல் வரும் ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 56×56 அளவு, உள்ளே 64 சேனல் (அதே அளவுள்ள எண் தளம்), வெளியே 64 சேனல், 3×3 ஃபில்டர் (நகரும் சாளரம்). மொத்தப் பெருக்கல் 11.56 கோடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்களை வெளி நினைவகத்திலிருந்து எடுத்தால் 23 கோடி நடை. ஆனால் அந்த அடுக்கில் இருக்கும் எண்களே எத்தனை? உள்ளீடு 2 லட்சம், எடைகள் (ஃபில்டர்களில் உள்ள எண்கள்) 36,864, வெளியீடு 2 லட்சம். நான்கரை லட்சம்கூடத் தேறாத சரக்குக்கு 23 கோடி நடை!

நேரம் மட்டுமல்ல, மின்சாரமும் இந்த நடையில்தான் கரைகிறது. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் 45 நானோமீட்டர் சிப்புக்குத் தந்த கணக்குப்படி, இரண்டு 32 பிட் முழு எண்களைப் பெருக்க 3 பிக்கோஜூல் போதும். அதே அளவு எண் ஒன்றை டி-ரேமிலிருந்து, அதாவது வெளி நினைவகத்திலிருந்து, கொண்டுவர அறுநூறுக்கு மேல் ஆகும்.

ஆகவே ஒரு முறை கொண்டுவந்ததைச் சக்கையாகும்வரை பயன்படுத்துங்கள். மேலே சொன்ன அடுக்கில் ஒவ்வோர் எடையும் சுமார் 3,000 முறை வேலைக்கு வருகிறது. ஒவ்வோர் உள்ளீட்டு எண்ணும், ஓரங்களை விட்டால், 576 முறை. 8 பிட் எண்கள் என்றால் எல்லா எடைகளும் 36 கிலோபைட்டில் அடங்கும். 3×3 சாளரம் நகர, முந்தைய இரண்டு வரிசைகள் கையில் இருந்தால் போதும்: 7 கிலோபைட். இரண்டும் பலகையின் உள் நினைவகத்திலேயே இடம்பிடித்துவிடும். ஒரு துண்டு கணக்காகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த துண்டு வந்து இறங்குமாறு இரட்டைத் தாங்கி (மாறிமாறிப் பயன்படும் இரண்டு நினைவகத் துண்டுகள்) வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பெருக்கி போதவில்லை என்றால், சைலிங்ஸின் டிஎஸ்பி48இ2 போன்ற 27×18 பிட் பெருக்கியில், ஓர் எண் பொதுவாக இருக்கும் இரண்டு 8 பிட் பெருக்கல்களை ஒரே சுழற்சியில் செய்துகொள்ளலாம்.

மொபைல்நெட்டுக்கு (கைபேசிகளுக்கான சிறிய நெட்வொர்க்) மாறினால் கணக்கு எட்டில் ஒரு பங்காகும் என்றார்கள். மாறினோம். எங்கள் 256×256 சிஸ்டாலிக் அணியில் (எண்களைப் பக்கத்துப் பெருக்கிக்குக் கைமாற்றும் பெருக்கி வரிசைகள்) நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. – பொறியாளர்

கணக்கு குறைந்தது உண்மை. கூடவே ஆட்களும், அதாவது பெருக்கிகளும், வேலையிழந்துவிட்டார்கள், அதுதான் சங்கதி.

கூகுள் 2015இல் தன் தரவு மையங்களில் இறக்கிய முதல் டிபியுவும் (நியூரல் நெட்வொர்க் சிப்) இதே அளவு அணிதான்: 65,536 பெருக்கிகள். எடைகள் அதனதன் இடத்தில் அசையாமல் இருக்க, உள்ளீடு பக்கத்துக்குப் பக்கம் கைமாறிப் போகும். ஓர் எண் 256 நெடுவரிசைகளுக்கும் பயன்படும். மொபைல்நெட்டின் சேனல்வாரிக் கன்வல்யூஷனில் ஒவ்வொரு சேனலும் தன் ஒன்பது எடைகளோடு மட்டுமே உறவாடுகிறது. அணியில் அதற்கு ஒன்பது வரிசை, ஒரே நெடுவரிசை. மூலைவிட்டமாக அடுக்கினாலும் 28 சேனல்கள், அதாவது 252 பெருக்கிகள்தான் வேலை செய்யும். அரை சதவீதம்கூட இல்லை.

அந்த அடுக்குகளை அணிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வெக்டர் அலகுக்கு (ஒரே கணக்கைப் பல எண்களில் ஒருசேரச் செய்வது) தள்ளுங்கள். சிப் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதென்றால் மாடலைத் திருத்துங்கள். 2019இல் சிறு கருவிகளுக்கான எட்ஜ் டிபியுவுக்காக எஃபிஷியன்ட்நெட் என்ற நெட்வொர்க்கை மாற்றியபோது கூகுளும் சில இடங்களில் சாதாரணக் கன்வல்யூஷனுக்கே திரும்பியது. பெருக்கல் கூடியும் நேரம் குறைந்தது.

ரெலு (எதிர்ம எண்களைப் பூஜ்யமாக்கும் படி) கடந்தபின் நிறைய பூஜ்யங்கள். தாண்டிவிட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எளிது, நேரத்தை மிச்சப்படுத்துவது கடினம். எம்.ஐ.டி.யின் ஐரிஸ் சிப் (2016, 168 கணக்கீட்டு அலகுகள்) பூஜ்யத்தைக் கண்டால் பெருக்கியை அசையவிடாது. ஆனால் அந்தச் சுழற்சி போனது போனதுதான். உண்மையாகவே தாண்ட, அடுத்த பூஜ்யமில்லா எண் எங்கே என்று தேடும் சுற்று வேண்டும். அப்போதும் ஓர் அலகு சீக்கிரம் முடித்துவிட்டு மற்றதற்காகக் காத்திருக்கும். என்விடியா 2020இல் ஏ100 சிப்பில் வேறு வழி பிடித்தது: உள்ளீட்டை விட்டுவிட்டு எடைகளில் கைவைத்தது. நான்கு எடைகளில் இரண்டு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கட்டாயமாக்கினால் தேடல் எளிதாகிறது, உச்ச வேகம் இரட்டிப்பாகிறது. ஒழுங்கற்ற பூஜ்யத்தைத் துரத்துவதைவிட இது எனக்குப் பிடிக்கிறது.

வினோகிராட் முறையை (கன்வல்யூஷனைக் குறைந்த பெருக்கல்களில் முடிக்கும் வழி) வன்பொருளில் வைக்கலாமா?

3×3 ஃபில்டரில் 2×2 வெளியீட்டுக்கு 36 பெருக்கல் 16 ஆகும், அதாவது 2.25 மடங்கு லாபம். விலையையும் கேளுங்கள். உள்ளீட்டை உருமாற்றும்போது நான்கு எண்கள் கூடுவதால் 8 பிட் 10 பிட்டாகிறது. ஒன்பது எடைகள் பதினாறாகின்றன, சுமைகூலி மறுபடியும் ஏறுகிறது. 4×4 வெளியீட்டுக்குப் போனால் நான்கு மடங்கு லாபம், ஆனால் 1/24 போன்ற பின்னங்கள் வந்து 8 பிட் துல்லியத்தைக் கெடுக்கும். 1×1 அடுக்குகளில் லாபமே இல்லை. 16 பிட் மிதவைப் புள்ளி சிப் என்றால் யோசிப்பேன். 8 பிட் சிப்பில் வைக்கமாட்டேன்.

கன்வல்யூஷனை அணிப் (மேட்ரிக்ஸ்) பெருக்கலாக விரிப்பது தவறா?

விரிப்பதில் தவறில்லை, எங்கே விரிக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். முதலில் சொன்ன அடுக்கை டி-ரேமில் விரித்தால், ஒவ்வோர் எண்ணும் ஒன்பது சாளரங்களுக்குப் படியெடுக்கப்படுவதால், 2 லட்சம் எண்கள் 18 லட்சமாகும். என்விடியாவின் கியூடிஎன்என் நூலகம் அப்படி எழுதிவைக்காமலே, தேவைப்படும் துண்டை மட்டும் சிப்புக்குள் விரித்துக்கொள்ளும் வழியையும் தருகிறது. வன்பொருளில் அதற்கு ஒரு முகவரிக் கணக்கிடும் சுற்று போதும்.