எந்தக் கட்டத்துக்கு அளந்த எண்?

அன்புள்ள ஐயா,

கார் உதிரிபாகங்களுக்கு அச்சு வடிவமைக்கும் பிரிவில் இருக்கிறேன். 0.7 மி.மீ. எஃகுத் தகடு. கணினியில் 4 மி.மீ. கட்டங்களாகப் பிரித்து அழுத்திப் பார்த்தால் கிழியவில்லை. 1 மி.மீ. கட்டமாக்கினால் மூலையில் கிழிகிறது. கட்டம் சிறுத்தால் விடை துல்லியமாகும் என்றுதானே படித்தோம்? எதை நம்புவது?

அன்புள்ள நண்பருக்கு,

படித்தது தவறில்லை, பாதி தூரம் வரைதான் செல்லும். தகடு நீளும்போது மெலிகிறது, கூடவே இறுகி வலுவும் ஏறுகிறது. மெலிவதை இறுக்கம் ஈடுகட்டும்வரை நீட்சி எங்கும் பரவுகிறது. ஈடுகட்ட முடியாத கணத்தை 1885இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் கான்சிடேர் சொல்லிவிட்டார். அதைக் கடந்து இன்னும் இழுத்தால், நீட்சி முழுவதும் ஒரு குறுகிய பட்டையில் குவிந்து தகடு கழுத்துப் போல ஒடுங்குகிறது. அந்தக் கழுத்தின் அகலம் ஏறக்குறைய தகட்டின் தடிமன் அளவுதான்.

ஒப்புக்கு ஒரு கணக்கு. 0.7 மி.மீ. கழுத்துக்குள் திரிபு (எவ்வளவு நீண்டது என்பதன் அளவு) 0.9, வெளியே 0.3 என்று வையுங்கள். 4 மி.மீ. கட்டம் இரண்டையும் கலந்து சராசரியாக 0.4 என்று காட்டும். 1 மி.மீ. கட்டம் 0.72 என்று காட்டும். கிழிசல் ஒன்றேதான். ஆகவே பெரிய கட்டத்துக்கு அளந்த 0.4ஐக் கிழிசல் வரம்பாக அப்படியே சிறிய கட்டத்துக்கும் கொடுத்தால், அது முந்திக்கொண்டு கிழியத்தான் செய்யும். உங்கள் கோப்பில் நடந்தது இதுதான் என்பது என் சந்தேகம். கிழிசல் எண்ணோடு கட்ட அளவையும் எழுதிவைக்காத அலுவலகங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அதற்காக அரை மி.மீ.க்குப் போய்விடாதீர்கள். தகட்டை வெறும் மேற்பரப்பாக மட்டும் பார்க்கும் ஓட்டு வகைக் (shell) கட்டத்துக்குத் தடிமன் திசையில் அழுத்தம் என்ற ஒன்றே தெரியாது. கழுத்து எவ்வளவு அகலம் என்று சொல்ல அதனிடம் ஆளில்லை. கட்டம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு ஒடுங்கிக்கொண்டே போகும்.

கழுத்து தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, கீலரும் குட்வினும் 1960களில் உருவாக்கிய வரம்புக் கோடு (தகடு எவ்வளவு நீளலாம் என்று காட்டும் forming limit வரைபடம்) போதும். ஆனால் அது நீட்சியின் போக்கு மாறாமல் நீளும் தகட்டுக்கானது. போக்கை மாற்றி இரண்டு தடவையாக இழுத்தால் ஏமாற்றும்.

அடுத்த தகட்டில் வட்டங்கள் பொறித்து அழுத்துங்கள். மூலையில் அவை எந்த அளவு நீள்வட்டமாகியிருக்கின்றன என்று அளந்து அனுப்புங்கள். அச்சிலிருந்து எடுத்ததும் அந்த இடத்தை விரலால் தடவியும் பாருங்கள். கழுத்து கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தட்டுப்படும்.