தாத்தா கிடைக்கவில்லையா? பாட்டி பெயரைப் பிடியுங்கள்

ஸ்காட்லாந்தில் வேர் உள்ளவர்கள், அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள், வெறும் ஆர்வத்தில் கேட்பவர்கள் என்று பலர் ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் அப்பாவின் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர், ரயில்வே வேலைக்கு மெட்ராஸ் வந்து இங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கேயே இறந்தவர். பெயர் ஜான் மெக்டொனால்ட். இணையத்தில் தேடினால் ஜான் மெக்டொனால்டுகள் கொட்டுகிறார்கள். எது நம்மவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பெரம்பூர்)

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் முடியவே முடியாது. ஸ்காட்லாந்தில் ஜான் மெக்டொனால்டைத் தேடுவது மதுரையில் முருகனைத் தேடுவது மாதிரிதான். முதலில் ஸ்காட்லாந்தை மறந்துவிடுங்கள். மெட்ராஸ் மாகாணத்துத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள், அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. அதில் கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவைப் பிடித்தால் அவருடைய அப்பா பெயர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த அப்பா பெயரோடு, ஜான் என்று ஒரு பையன் இருக்கிற வீட்டை ஸ்காட்லாந்து சென்சஸில் தேடுங்கள். நாலைந்து வீடு தேறும், பரவாயில்லை.

இனிமேல்தான் விஷயமே. கொள்ளுத்தாத்தா இந்தியாவில் இறந்துவிட்டார், சரி. ஆனால் அவருடன் பிறந்தவர்கள் எல்லாருமா கப்பலேறினார்கள்? ஊரிலேயே இறந்த அண்ணனோ தங்கையோ இருப்பார்கள். 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். இங்கிலாந்து இதை 1837-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் பின்னால் வந்த ஸ்காட்லாந்து பதிவுதான் நமக்கு விருந்து. ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயரோடு அம்மாவின் பெயரும், அவள் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் எழுதியிருக்கும். அதே காலத்து இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரே கிடையாது.

கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் அலெக்சாண்டர் என்று வைத்துக்கொள்வோம். அலெக்சாண்டர் மெக்டொனால்ட் நிறையப் பேர் இருப்பார்கள். கிறிஸ்டினா மாத்திசன் என்பவளைக் கட்டிய அலெக்சாண்டர் மெக்டொனால்ட் எத்தனை பேர் இருந்துவிடப்போகிறார்கள்? (பெயர்களை உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்.) தேடலில் ஆண் பெயர் கூட்டத்தைக் காட்டும், பெண் பெயர்தான் வீட்டைக் காட்டும். ஸ்காட்லாந்தில் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயர் போகாது, கல்லறைக் கல்லில்கூட அப்படித்தான் செதுக்குவார்கள்.

உங்கள் குடும்பத்தில் யாராவது 1855-லேயே பிறந்தோ இறந்தோ இருந்தால் அதிர்ஷ்டம். அந்த முதல் வருடம் மட்டும் அதிகாரிகள் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், எங்கே எப்போது கல்யாணம் ஆனது, ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள் என்பது வரை உண்டு. எழுதி எழுதி ஓய்ந்துபோனார்களோ என்னவோ, அடுத்த வருடமே பல கட்டங்களை எடுத்துவிட்டார்கள். பெற்றோரின் கல்யாண விவரம் மட்டும் 1861-லிருந்து பிறப்புப் பதிவில் திரும்ப வந்தது.

இவையெல்லாம் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் இருக்கின்றன. பெயர் தேடுவது இலவசம், மூலப் பக்கத்தைப் படமாகப் பார்க்கத்தான் காசு. அதனால் அவசரப்பட்டுக் கண்ட படத்தையெல்லாம் திறக்காதீர்கள்.

கேள்வி: என் கணவரின் குடும்பத்தில் ஒரு பாட்டிக்கு 1841 சென்சஸில் 40 வயது, 1851-ல் 54, 1872-ல் இறந்தபோது 77 என்று போட்டிருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தானா? (வாசகி, கிளாஸ்கோ)

ஒரே ஆளாக இருக்கத் தடையே இல்லை. 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 என்றாலும் 40, 39 என்றால் 35. ஆக அந்த 40 என்பது 40 முதல் 44 வரை எதுவாகவும் இருக்கலாம், 1851-ல் 54 என்பது அதோடு பொருந்துகிறது. அப்படிப் பார்த்தால் 1872-ல் 75 வந்திருக்க வேண்டும், இரண்டு வருடம் இடிக்கிறது. இறப்புப் பதிவின் ஓரத்தில் தகவல் கொடுத்தவர் கையெழுத்தும் உறவுமுறையும் இருக்கும், அதைப் பாருங்கள். மருமகன் என்று இருந்தால், அவர் மாமியார் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். மாமியாரின் அம்மா பெயரையும் அதே மருமகன்தான் சொல்லியிருப்பார் என்பதை மறந்துவிடாதீர்கள், அதை வேறொரு பதிவோடு ஒத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

1841-ல் இன்னொரு வம்பு, யாருக்கு யார் என்ன உறவு என்றே எழுதவில்லை. ஒரே வீட்டில் இருக்கிற 20 வயதுப் பெண் மகளா, மருமகளா, வேலைக்காரியா என்று தெரியாது. பிறந்த ஊரும் கிடையாது, இதே கவுண்டியில் பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான். பெயர்களுக்கு நடுவே சின்னச் சாய்கோடு ஒன்று இருந்தால் அங்கே ஒரு குடும்பம் முடிகிறது, இரண்டு இருந்தால் வீடே முடிகிறது. அதைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தன் வம்சத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் ஏராளம். 1851 முதல் உறவுமுறையும் பிறந்த பாரிஷும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) வந்துவிடுகின்றன.

விதவையான பாட்டி திடீரென்று சென்சஸில் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள், பலர் புருஷன் போனதும் பழைய பெயருக்கே திரும்பிவிடுவார்கள்.

கேள்வி: பெர்த்ஷயரில் 1848-ல் பிறந்த ஒருவரின் ஞானஸ்நானப் பதிவு பாரிஷ் ஏட்டில் இல்லவே இல்லை. அவர் தம்பி, தங்கை யாருடையதும் இல்லை. ஏடு தொலைந்துவிட்டதா? (வாசகர், எடின்பரோ)

ஏடு தொலைந்திருக்காது, குடும்பம் வேறு சபைக்குப் போயிருக்கும். பழைய பாரிஷ் ஏடுகள் என்பவை அரசு அங்கீகாரம் பெற்ற சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஏடுகள். மிகப் பழையது உங்கள் பெர்த்ஷயரில்தான், எரல் என்ற ஊரில், 1553-லிருந்து. கடைசி வருடம் 1854. அந்தச் சபைக்கு வெளியே இருந்தவர்கள் அதில் வரவேண்டிய கட்டாயம் இல்லை.

உங்கள் ஆள் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு, 1843 மே மாதம், ஸ்காட்லாந்துச் சபை இரண்டாக உடைந்தது. நிலச்சுவான்தார் தன் இஷ்டத்துக்குப் போதகரை நியமிக்கலாம் என்ற உரிமைதான் சண்டையின் மையம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் போதகர்கள், 450 பேருக்கு மேல், வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறி ஃப்ரீ சர்ச் தொடங்கினார்கள். அவர்கள் பின்னால் போன மக்களின் குழந்தைகள் பழைய ஏட்டில் எப்படி இருப்பார்கள்? அதற்கும் முன்பு 1733-லேயே ஒரு பிரிவினை உண்டு. அப்புறம் கத்தோலிக்கர்கள், எபிஸ்கோபல் சபையார்.

சரி, எந்தச் சபை என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1855-க்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்த ஒரு கல்யாணப் பதிவை எடுத்துப் பாருங்கள். தேதிக்குக் கீழே, ஓலை (தேவாலயத்தில் படிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசித்தபின் இன்ன சபை முறைப்படி நடந்தது என்று ஒரு வரி இருக்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெண்ணுடைய கல்யாணமாகப் பாருங்கள், பெரும்பாலும் பெண் வீட்டாரின் போதகர்தான் நடத்திவைப்பார். அது ஃப்ரீ சர்ச் என்றால் அந்த ஊர் ஃப்ரீ சர்ச் ஏட்டைத் தேடுங்கள், அப்படி வேறு சபை ஏடுகள் பலவும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளிலேயே இருக்கின்றன.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1783 முதல் 1794 வரை பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் வரி இருந்தது, பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. காசு கொடுத்துப் பதிவானேன் என்று பலர் விட்டுவிட்டார்கள். பழைய ஏட்டில் இருக்கும் கல்யாணத் தேதியும் பல சமயம் ஓலை வாசித்த தேதிதான். அடக்கப் பதிவு பல ஊர்களில் கிடையவே கிடையாது, சவப்பெட்டி மேல் போர்த்தும் துணிக்கு வாடகை வாங்கிய கணக்குதான் மிச்சம்.

கேள்வி: என் மாமியாரின் முன்னோர் ஒருவருக்கு அப்பா பெயர் போடும் இடம் காலியாக இருக்கிறது. 1820-களில் அயர்ஷயரில் பிறந்தவர். தோண்ட வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். தோண்டலாமா? (வாசகி, அபர்டீன்)

தோண்டுவதும் தோண்டாததும் உங்கள் வீட்டுச் சமாதானத்தைப் பொறுத்தது. இருநூறு வருடத்துக்குப் பிறகும் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. தோண்டுவதானால் இடம் சொல்கிறேன்: கிர்க் செஷன் நடவடிக்கைக் குறிப்பேடுகள்.

கிர்க் செஷன் என்பது போதகரும் சபை மூப்பர்களும் உட்காரும் கூட்டம், ஊர்ப் பஞ்சாயத்துதான். கல்யாணமாகாத பெண் கர்ப்பம் என்று காதில் விழுந்தால் அவளைக் கூப்பிட்டு விடுவார்கள், இல்லை அவளே வந்து ஒப்புக்கொள்வாள். முதல் கேள்வி, அப்பா யார்? அவள் சொல்லும் பெயர், அவன் எந்தப் பண்ணையில் கூலி, எப்போது, எங்கே என்பது வரை எழுத்தர் எழுதிவிடுவார், கூச்சமே கிடையாது. அடுத்த கூட்டத்துக்கு அவனுக்கு அழைப்பு போகும். வந்து ஒப்புக்கொள்வான், அல்லது மறுப்பான், அல்லது பக்கத்துப் பாரிஷுக்கு ஓடியிருப்பான். ஓடினால் அந்த ஊர் செஷனுக்குக் கடிதம் போகும், ஆக இரண்டு ஊர்க் குறிப்பேட்டையும் பார்க்க வேண்டும். சபை முன்னால் நின்று கண்டிப்பை வாங்கிக்கொண்டால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம். உங்கள் அயர்ஷயரில், மாக்லின் ஊரில், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1786-ல் ஜீன் ஆர்மர் விஷயத்தில் மூன்று ஞாயிறு அப்படி நின்றவர்தான்.

இந்தக் குறிப்பேடுகளின் படங்களை ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் 2021 முதல் இலவசமாகவே புரட்டலாம். பிறப்பு, கல்யாணம் மாதிரிப் பெயர் போட்டுத் தேடும் வசதியை எதிர்பார்க்காதீர்கள், ஏடு ஏடாகப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். குழந்தை பிறந்த தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து ஒரு வருடம் பின்பு வரை படித்தால் போதும். அம்மா பெயர்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே நூல், அவள் பெயர் வரும் இடத்திலெல்லாம் நின்று படியுங்கள். அப்பா பெயர் வராவிட்டாலும் ஏழை நிதியிலிருந்து அவளுக்குக் காசு கொடுத்த கணக்காவது வரலாம்.

1855-க்குப் பிந்தைய குழந்தையாக இருந்தால் பிறப்புப் பதிவின் ஓரத்தில் திருத்தக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். அம்மா ஷெரிஃப் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தால் அப்பாவின் பெயர் திருத்தப் பதிவேட்டில் ஏறியிருக்கும்.

கேள்வி: லூயிஸ் தீவுக் குடும்பம் ஒன்றில் ஒரே பெண் ஒரு பதிவில் ஜேனட், இன்னொன்றில் ஜெஸ்ஸி. அண்ணன் தம்பி இருவருக்கும் டொனால்ட் என்றே பெயர். எழுத்தர் தவறா? (வாசகர், டொராண்டோ)

தவறில்லை. ஜேனட்டும் ஜெஸ்ஸியும் அங்கே ஒன்றுதான், டொனால்டும் டேனியலும் அப்படியே, பீட்டரும் பேட்ரிக்கும் அப்படியே. வீட்டில் கேலிக் (அந்தத் தீவு மக்களின் தாய்மொழி) பெயர், ஏட்டில் எழுத்தர் கைக்கு வந்த ஆங்கிலப் பெயர். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. இரண்டு தாத்தாவும் டொனால்ட் என்றால் வீட்டில் இரண்டு டொனால்ட். நமக்கு அது லாபம், அம்மாவழித் தாத்தா பெயர் ஓசியில் கிடைக்கிறது. மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர் விழும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது வழக்கம்தான், சட்டமில்லை.

அந்தத் தீவின் பல பாரிஷ் ஏடுகள் 19ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் போக முடியவில்லை என்றால் தேடல் சரியில்லை என்று அர்த்தமில்லை.

கேள்வி: 1931 ஸ்காட்லாந்து சென்சஸ் எப்போது பார்க்கக் கிடைக்கும்? தீயில் எரிந்துவிட்டது என்கிறார்களே? (வாசகர், கோவை)

1942-ல் எரிந்தது இங்கிலாந்து, வேல்ஸ் ஏடுகள். ஸ்காட்லாந்துடையது பத்திரமாக இருக்கிறது, ஆனால் நூறு வருட ரகசிய விதி முடிய வேண்டும் என்பதால் 2032-ல்தான் எதிர்பார்க்கலாம். 1921 வந்துவிட்டது. இடைக்காலத்துக்கு சொத்துவரி மதிப்பீட்டு ஏடுகளில் 1925, 1930-களின் முகவரியைப் பிடியுங்கள். பொதுவாக உரிமையாளர், வாடகைதாரர் பெயர்தான் அதில் வரும், மனைவி மக்கள் வரமாட்டார்கள், விதவைகள் மட்டும் தனியாக வருவார்கள்.