தம்பி, ஏற்றத்தை விடுங்கோ, இறக்கத்தைக் கேளுங்கோ

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வேலை கிடைத்து பரிஸ் நகரத்திலிருந்து பிரான்சின் மாக்கோன் நகரத்துக்கு வந்து மூன்று மாதம். வார இறுதியில் குடும்பத்தோடு இந்த மலைப்பக்கம் சைக்கிள் ஓட ஆசை. உங்களுக்கு ஊரில் ஓடின பழக்கம் இருக்கு, மனுசிக்கு அரைகுறை, மகளுக்கு 7 வயது, மாமிக்கு முழங்கால் வருத்தம். எல்லாருக்கும் ஒத்துவருகிற பாதை எது, என்ன சைக்கிள் வாங்கலாம், அதோடு ட்ரைவிங் லைசன்ஸ் மாற்றுவது எப்படி, இந்தப் பக்கம் வீடு வாங்கலாமோ.

லைசன்ஸுக்கும் வீட்டுக்கும் என்னிடம் வராதேயுங்கோ. நான் லைசன்ஸ் எடுத்த காலத்துச் சட்டம் இப்போது இல்லை. வீட்டைப் பற்றிப் புத்தி சொல்ல, பரிசில் எங்கட ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக்குப் பத்துப் பேர் வருவினம். சைக்கிளை மட்டும் என்னிடம் கேளுங்கோ. "ஊரில் ஓடின பழக்கம் இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை நித்திரை முழித்து எழுத வைக்கிறது. நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தவன்.

யாழ்ப்பாணத்தில் மலை என்றால் கீரிமலை. அதுவும் பேரில் மட்டும்தான். தட்டை நிலம். எதிர்க்காற்றைத் தவிர எங்களுக்கு வேறு எதிரி இல்லை. யுத்தத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் கல்யாணத்துக்கும் சைக்கிள், செத்தவீட்டுக்கும் சைக்கிள். விறகு, மண்ணெண்ணெய்க் கலன், பாரில் பிள்ளை, கரியரில் மனுசி, எல்லாம் ஒரு சைக்கிளில் போகும். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். இதற்குமேல் எனக்கு யார் சைக்கிள் சொல்லித் தருவது என்ற நினைப்போடுதான் 1996-இல் இந்த நாட்டில் வந்து இறங்கினேன்.

1997-இல் மாக்கோனுக்குப் பக்கத்துச் சின்ன ஊரான குளுனியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. கறுப்பில்தான், பதிவில்லாமல். அறை கிடைத்தது லா ரோஷ் வினூஸ் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே. இடையில் பதினைந்து கிலோமீட்டர் வராது. ஆனால் நடுவில் புவா கிளேர் கணவாய் கிடக்கிறது. இரவு வேலை முடிகிற நேரத்துக்கு பஸ் இல்லை. பழைய சாமான் சந்தையில் 150 பிராங்குக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். பத்துக் கியர். நடுக்கம்பியில் இரண்டு சின்னப் பிடி இருந்தது. கியர் மாற்றுகிற பிடி அது. அதை ஏதோ பூட்டு என்று நினைத்து இரண்டு மாதம் நான் தொடவே இல்லை. பெரிய பல்லில் நின்றபடி உழக்கி உழக்கி ஏறினேன். காலையில் எழும்பினால் படியிறங்க ஏலாது. அதையும் பெருமையாகத்தான் நினைத்தேன்.

ஏற்றம் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒக்டோபரில் ஒரு இரவு, பதினொரு மணிக்குமேல், நல்ல மழை. கணவாயின் உச்சியைத் தாண்டி வீட்டுப்பக்கம் இறங்குகிறேன். அந்த சைக்கிளின் ரிம் இரும்பு. நனைந்த இரும்பு ரிம்மில் பிறேக் ரப்பர் சும்மா வழுக்கிக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியாது. ஊரில் பிறேக் இல்லாத சைக்கிளை என்னெண்டு நிற்பாட்டுவோம்? செருப்பை ரயரில் வைத்து அழுத்துவோம். அதையே செய்தேன். குசினிச் சப்பாத்து, அடியெல்லாம் எண்ணெய் ஊறினது. கால் வழுக்கியது, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வளைவுக்குக் கீழே வாய்க்காலில். காறையெலும்பு முறிந்தது. கிடந்த இடத்திலிருந்து பார்க்க மேலே பின்சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தன் பழைய வானில் வந்து ஏற்றினார். ஒரு கதையும் இல்லை. போத்தல் பெட்டிகளுக்கு மேல் சைக்கிளைத் தூக்கிப் போட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "லுமியேர்?" என்று மட்டும் கேட்டார். லைட் இல்லை என்று தலையாட்டினேன். விரலை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆறு கிழமை வேலை இல்லை, சம்பளமும் இல்லை. கறுப்பில் வேலை செய்கிறவனுக்கு எந்த நாட்டில் மருத்துவ லீவு?

ஆகவே முதலில் இதைப் படியுங்கோ. இறக்கத்தில் பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. சூடேறிவிடும், கையும் விறைத்துவிடும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாங்கோ. வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் நசுக்கக்கூடாது. முன் பிறேக்கை மட்டும் இழுத்தால் தலைகீழ்தான். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கோடையில் தார் போட்ட கையோடு "கிறாவியோன்" என்று மஞ்சள் பலகை வைத்திருப்பான்கள், சின்னக் கல் கொட்டிக் கிடக்கும் என்று அர்த்தம். அதில் வளைவெடுத்தால் மணலில் வழுக்கின மாதிரி. செப்டெம்பரில் திராட்சை வெட்டுக் காலம், றோட்டெல்லாம் ட்ராக்டர் சேறு. இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் முடியும்வரை வேட்டைக்காரர் காட்டோரம் நிற்பார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். பளீர் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கோ. ஊருக்கு வெளியே இரவிலோ மூடுபனியிலோ ஓடினால் அந்த மஞ்சள் மேலங்கி சட்டப்படியே போட வேண்டும்.

இன்னொன்று, வலதுபக்கம். சின்னக் கிராமத்துக்குள் வலப்பக்கத்து ஒழுங்கையால் வருகிற காருக்கு நீங்கள் நிற்க வேண்டும், வேறு பலகை இல்லாவிட்டால். நீங்கள் பெரிய றோட்டில் போகிறீர்கள், அவன் மாட்டுக்கொட்டில் வழியால் வருகிறான் என்பதெல்லாம் கணக்கில்லை. எங்கட ஆட்களுக்கு இது மண்டைக்குள் ஏறவே மாட்டாது. காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடினால் 135 யூரோ. மகளுக்கு 12 வயதாகும்வரை ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டம் உங்களுக்கு. 8 வயதுக்குக் கீழே என்றபடியால் மகள் நடைபாதையில் ஓடலாம், நீங்கள் ஓடேலாது.

இனிப் பாதை. நான் இங்கே வந்து பட்ட வயிற்றெரிச்சலையும் சேர்த்தே சொல்லுகிறேன். நான் கணவாய் ஏறிக்கொண்டிருந்த அதே 1997-இல்தான் ஜிவ்ரியிலிருந்து குளுனிவரை, பழைய ரயில் தண்டவாளத்தைக் கழற்றின இடத்தில், பிரான்சின் முதல் "வுவா வெர்த்", அதாவது பசுமைப் பாதை, திறந்தார்கள். 44 கிலோமீட்டர். கார் இல்லை, வழவழவென்று தார். நான் கோப்பை கழுவின இடத்திலிருந்து நடந்து போகிற தூரம். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது வடக்கே போகிறது, என் அறை தெற்கே. என் கணவாய்க்கு அடியிலேயே 1.6 கிலோமீட்டர் நீளத்தில் பழைய ரயில் சுரங்கம் ஒன்று சும்மா கிடந்தது. நான் அதன் தலைக்குமேல் வேர்வை வடிய ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள்.

ரயில் போன பாதை என்றால் யோசித்துப் பாருங்கோ. ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஏலாது. மலையைச் சுற்றி, வெட்டி, மெல்ல மெல்லத்தான் ஏறும். அதனால்தான் இவ்வளவு மலைக்கு நடுவிலும் உங்கள் மகள் ஓடுகிற மாதிரி ஒரு பாதை இருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர், காலில் உருளை கட்டின பிள்ளைகள் எல்லாரும் வருகினம். முதல் நாள் குளுனியில் தொடங்கி கோர்மத்தான்வரை போங்கோ, ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அங்கே ஒரு மாளிகை இருக்கு, தோட்டம் வடிவு. வழியில் தெஸே வரும், உலகம் முழுக்க இருந்து இளம் பிள்ளைகள் வந்து தங்கிச் செபிக்கிற இடம். களைத்தால் அங்கேயே திரும்புங்கோ. மாமியை அரை நாளுக்கு மின்சார சைக்கிளில் ஏற்றிப் பாருங்கோ, வாடகைக்கு எடுத்து. அது மோட்டார் சைக்கிள் இல்லை, உழக்கினால்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் உதவியை நிற்பாட்டிவிடும். முழங்காலுக்கு நல்லது. சேலையோடு வேண்டாம். ஊர் லேடீஸ் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு வலை போட்டிருக்கும், இங்கே அது இல்லை.

மகள் இன்னும் தட்டுத்தடுமாறினால் குளுனிக்கும் போக வேண்டாம், மாக்கோனிலேயே ஸோன் ஆற்றங்கரையால் வடக்கே தூர்னு பக்கம் போங்கோ. மேசை மாதிரித் தட்டை. மாரியில் மட்டும் ஆறு பெருகிப் பாதையை மூடும், பார்த்துப் போங்கோ.

சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும், ஒரு சட்டை கொண்டுபோங்கோ. விளக்கு உண்டு, என்றாலும் உங்கள் லைட்டைப் போடுங்கோ. குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள், வௌவால் நித்திரை கொள்ளுகிற காலமாம். அப்போது மேலே கணவாயால்தான் சுற்ற வேண்டும். வௌவாலுக்கு இருக்கிற மரியாதை எனக்கு 97-இல் இருக்கவில்லை.

உங்களுக்கென்று தனியே ஒரு நாள் கேட்டால், ஸொலுத்ரே. 493 மீற்றர் பாறை, கப்பல் முன்பக்கம் மாதிரி நிற்கும். மித்தெரோன் ஜனாதிபதி வருசா வருசம் பெந்தக்கோஸ்துக்கு அதில் நடந்து ஏறினவர். அடியில் வெர்ஜிசோன், ஃபுயிஸே என்று புய்யி-ஃபுயிஸே வைன் ஊர்கள். தூரம் குறைவு, ஆனால் தோட்டங்களுக்கு நடுவே திடீர் திடீரென்று மூச்சை அடைக்கிற ஏற்றம். ஏற்றம் தொடங்க முன்னமே சின்னக் கியருக்கு மாறிவிடுங்கோ. நடு ஏற்றத்தில் நின்று அழுத்திக்கொண்டு மாற்றினால் செயின் கடகடவென்று கத்தி, கழன்று விழும். பிறகு கறுப்புக் கையோடு நின்று போட வேண்டும்.

ஏலாவிட்டால் இறங்கித் தள்ளுங்கோ. இதற்கு வெட்கப்படுகிற எங்கட பொடியங்களைப் பார்த்தால் எனக்கு விசர் வரும். என் மருமகன் முறையான ஒருவன் பரிசில் இருந்து நாலாயிரம் யூரோ காபன் சைக்கிளோடு வோன்தூ மலைக்குப் போனான். 1,910 மீற்றர், பெதுவானிலிருந்து 21 கிலோமீட்டர் விடாத ஏற்றம். அதற்கு முன் அவன் ஏறின மலை பரிசுக்குள் இருக்கிற மொன்மார்த் மேடு. பாதியில் வாந்தி. ஆனால் படம் எடுத்துப் போட்டாயிற்று, ஆயிரம் விருப்பம். இருபத்தைந்து வருசம் இந்த நாட்டில் இருந்து ஈபிள் கோபுரத்தையும் லூர்து மாதாவையும் தவிர ஒன்றும் பார்க்காத ஆட்கள் ஒரு பக்கம், இவன் மாதிரி ஆட்கள் ஒரு பக்கம். நடுவில் ஓட ஆளைக் காணவில்லை.

தள்ளுவது எங்களுக்குப் புதிதோ? 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போன இரவில் ஒரு சைக்கிளும் ஓடவில்லை. எல்லாம் தள்ளிக்கொண்டுதான். அப்பாவின் ரலி சைக்கிளில் முன்னுக்கு அரிசி மூட்டை, கரியரில் அம்மாவின் தையல் மெசினின் தலை. மழை. பத்து அடி போவோம், நிற்போம். பின்சக்கரம் சேற்றில் இறங்கும்போதெல்லாம் அப்பா மட்காட்டுக்குள் விரலை விட்டு மண்ணை வழித்து எறிவார். சைக்கிளை விட்டுவிட்டுப் போகலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எத்தனை மணிக்குப் பாலம் தாண்டினோம் என்று எனக்கு இப்போதும் தெரியாது. நாவற்குழியிலும் ஏற்றம் இல்லை, பாருங்கோ. தட்டைதான்.

எங்கே விட்டேன்? என்ன சைக்கிள் வாங்கலாம் என்று கேட்டீர்கள். பேர் ஒன்றும் முக்கியமில்லை. சின்னக் கியர் நல்லாகச் சின்னதாக இருக்கட்டும், பிறேக் டிஸ்க்காக இருக்கட்டும். 2021 முதல் கடையில் விற்கிற சைக்கிளுக்கு அடையாள இலக்கம் பதித்திருக்க வேண்டும். சந்தையில் மலிவாக யாராவது நீட்டினால் அந்த இலக்கத்தைக் கேளுங்கோ. முழித்தால் விட்டுவிட்டு வாங்கோ, களவுச் சாமானாக இருக்கலாம்.

போகும் வழியில் எதிரே வருகிறவர்களுக்கு "பொன்ஜூர்" சொல்லுங்கோ, தம்பி. பரிஸ் மெற்றோவில் முகத்தைத் திருப்பின பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். நான் ஒரு வருசம் தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன், ஊரில் என்னைச் செவிடன் என்று நினைத்திருக்கினம்.

தண்ணீர் மறக்கக்கூடாது. மத்தியானம் பன்னிரண்டுக்கு எல்லாம் பூட்டு, ஞாயிறு பின்னேரம் பூட்டு, திங்கள் அரைவாசி ஊர் பூட்டு. போத்தல் முடிந்தால் கோயில் கோபுரத்தைப் பார்த்துப் போங்கோ, அங்கேயோ ஊர் எல்லையிலோ சேமக்காலை, செத்தவர்களைப் புதைக்கிற இடம், இருக்கும். உள்ளே பூக்களுக்கு ஊற்றுகிற தண்ணீர்க்குழாய் இருக்கும். குடிக்கக்கூடாது என்று பலகை தொங்காவிட்டால் நிரப்பிக்கொள்ளுங்கோ. இங்கே சைக்கிள்காரர் எல்லாரும் அதைத்தான் செய்கினம். எனக்கு முதல் தரம் கை நடுங்கினது, வீட்டுக்கு வந்து தலையில் முழுகினேன். இப்போது பழகிவிட்டது. நல்ல குளிர்த் தண்ணி.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் குளுனி பழைய ஸ்டேசனடியில் நிற்பேன், சிவப்பு ஹெல்மெட். குடும்பத்தோடு வாங்கோ. மாமிக்கு மட்டும் தண்ணீர் எங்கே எடுத்தது என்று சொல்லாதேயுங்கோ.