புகாட்டி ராயல் ஏன் விற்கவில்லை, அந்தக் கார்கள் இப்போது எங்கே?

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லிமோசின்களில் மிகப் பெரியதாகச் சொல்லப்படும் புகாட்டி ராயல் தோல்வி அடைந்தது ஏன்? செய்த கார்கள் என்ன ஆயின?

விற்கவில்லை என்பது உண்மைதான். 25 கார் செய்வதாகத் திட்டம். ஏழுக்கு மேல் போகவில்லை. அதிலும் வெளியாட்கள் காசு கொடுத்து வாங்கியவை மூன்றே மூன்று. ஆனாலும் ராயலைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதன் எஞ்சின்தான் பிற்பாடு அந்தத் தொழிற்சாலைக்கே சோறு போட்டது.

எட்டோரே புகாட்டி மிலானில் பிறந்தவர். இன்று பிரான்ஸில் இருக்கும் அல்சாஸ் பகுதியின் மொல்ஷைமில் பட்டறை போட்டு, எடை குறைந்த பந்தயக் கார்களால் பெயர் வாங்கியவர். ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி அவர் காரை ரோல்ஸ் ராய்ஸோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசியதாகவும், அந்த ரோஷத்தில் ராயலைத் தொடங்கியதாகவும் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, அவர் குறிவைத்தது அரச குடும்பங்களைத்தான்.

முதல் மாதிரி வண்டி 1926-இல் ஓடியது. அதற்கு ஒரு அமெரிக்க பேக்கார்டு காரின் பாடியை எடுத்து மாட்டியிருந்தார்கள். ‘டைப் 41’ என்பது தொழிற்சாலைப் பெயர். நீளம் சுமார் 6.4 மீட்டர், எடை மூன்று டன்னுக்கு மேல், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மட்டும் 4.3 மீட்டர். எஞ்சின் 12.7 லிட்டர், வரிசையாக எட்டு சிலிண்டர், ஏறக்குறைய 300 குதிரைத்திறன். விமானத்துக்காகப் போட்ட வரைபடத்திலிருந்து பிறந்த எஞ்சின் அது. சிலிண்டர் பிளாக்கையும் அதை மேலே மூடும் ஹெட்டையும் ஒரே வார்ப்பாக வார்த்திருந்தார்கள். வால்வு தேய்ந்தால் ஹெட்டைத் தனியாகக் கழற்ற வழி கிடையாது. கீழே பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டையே இறக்கினால்தான் வால்வுக்குக் கை போகும். மெக்கானிக்குகளின் பாட்டை யோசித்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஆடம்பரக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் சேசிஸை, அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தை மட்டும் விற்கும். நம் ஊரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் செய்வதுபோல, பாடி கட்டுபவரிடம் கொடுத்து உடம்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ராயலுக்கு அப்படிப் பல உடம்புகள் வந்தன. எட்டோரே 1931-இல் பாரிஸிலிருந்து திரும்பும் வழியில் ஸ்டீயரிங்கிலேயே கண் அயர்ந்து முதல் வண்டியை நொறுக்கிவிட்டார். அதன் பிறகு மூத்த மகன் ழான் வரைந்த ‘கூப்பே நெப்போலியன்’ பிறந்தது. ஓட்டுநருக்கு வெட்டவெளி, பயணிகளுக்கு மூடிய அறை. போருக்கு முன் வந்த உடம்புகளில் இதைவிட அழகானதை நான் பார்த்ததில்லை.

விற்காததற்குக் காரணம் பெரும் பொருளாதார மந்தம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது, முதல் கார் விலைபோனதோ 1932-இல். ஆனால் பாதிப் பழியை நான் எட்டோரேயின் கணக்கின்மேல் போடுவேன். அவர் நம்பியிருந்த ஸ்பெயின் அரசர் அல்போன்ஸோ 1931-இல் அரியணையையே இழந்தார். கடைசிவரை ஒரு அரசர்கூட வாங்கவில்லை. வாங்கியவர்கள் ஒரு துணி உற்பத்தியாளர், ஒரு ஜெர்மன் மகப்பேறு மருத்துவர், ஒரு ஆங்கிலேயக் கேப்டன். துணி உற்பத்தியாளர் எஸ்டெர்ஸ் ராத்திரியில் வண்டி எடுக்கமாட்டாராம், அதனால் ஹெட்லைட்டே வேண்டாம் என்றுவிட்டார். கேப்டன் ஃபாஸ்டர்தான் லண்டனின் பார்க் வார்டிடம் முறையான லிமோசின் பாடி கட்டிக்கொண்டார். பார்த்தால் ரோல்ஸ் ராய்ஸ் ஜாடை அப்படியே தெரியும்.

இனி ரயில் கதை. கையில் ராட்சத எஞ்சின், கேட்க ஆள் இல்லை. பிரெஞ்சு ரயில்வேக்கு வேகமான மோட்டார் ரயில் பெட்டிகள் தேவைப்பட்ட நேரம் அது. ராயல் எஞ்சினின் சக்தியை 200 குதிரைத்திறன் அளவுக்குக் குறைத்து, ஒரு பெட்டிக்கு இரண்டோ நான்கோ பொருத்தினார்கள். ஓட்டுநர் பெட்டியின் நடுவே கூரைக்கு மேலே ஒரு கூண்டில் உட்கார்ந்து ஓட்டுவார். 1933 முதல் இவை ஓடத் தொடங்கின. சோதனை ஓட்டம் ஒன்றில் மணிக்கு 196 கிலோமீட்டரைத் தொட்டன. மொத்தம் 88 பெட்டிகள். 1950கள் வரை சேவையில் இருந்தன. ஏழு காருக்காகச் செய்த எஞ்சின் இத்தனை பெட்டிகளை இழுத்தது என்றால் அதை எப்படித் தோல்வி என்பது?

கார்களுக்கு வருவோம். ராயல் வாங்கிய அந்த ஜெர்மன் மருத்துவர் ஃபுக்ஸ், நாஜிகள் தலையெடுத்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, ஷாங்காய் வழியாக நியூயார்க் சேர்ந்தார். காரும் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்துவிட, கார் காயலான் கடைக்குப் போனது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் சார்ல்ஸ் செய்ன் அதைக் கண்டுபிடித்து 400 டாலருக்கு வாங்கி, உயிர் கொடுத்து, பிற்பாடு போட்டி நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்.

விற்காத மூன்றையும் போர்க்காலத்தில் புகாட்டி குடும்பம் எர்மெனான்வீல் வீட்டில் சுவர் எழுப்பி மறைத்து வைத்தது. 1950-இல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹம் அதில் இரண்டை வாங்கினார். கொடுத்தது சில ஆயிரம் டாலரும், அப்போது பிரான்ஸில் கிடைப்பதற்கு அரிதாக இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஃபிரிட்ஜ்களும். அந்த இரண்டில் ஒன்று 1987-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 55 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.

கூப்பே நெப்போலியனும் ஃபாஸ்டரின் லிமோசினும் கார்களைச் சேகரித்துவந்த ஷ்லும்ப் சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தன. 1977-இல் அவர்களுடைய நூற்பாலைத் தொழில் நொடித்தபோது தொழிலாளர்கள் உள்ளே புகுந்து, அதுவரை பூட்டிக் கிடந்த கார்க் குவியலைக் கண்டார்கள். இன்று அது பிரான்ஸின் முலூஸ் நகரத்தின் அருங்காட்சியகம். சுவிட்சர்லாந்தின் பாசலுக்கு வேலையாகப் போயிருந்தபோது அங்கிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியின்மேல் துதிக்கையைத் தூக்கி நிற்கும் யானையிடம்தான் அதிக நேரம் நின்றேன். எட்டோரேயின் தம்பி ரெம்ப்ராண்ட் செய்த சிற்பம் அது. அவர் 1916-இலேயே தற்கொலை செய்துகொண்டவர். அண்ணன் தன் ஆகப் பெரிய காரின் தலையில் தம்பியின் வேலையை வைத்திருக்கிறார்.

நீங்கள் முலூஸ் போனால் கார்களோடு திரும்பிவிடாதீர்கள். அதே ஊரில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தில் புகாட்டி மோட்டார் ரயில் பெட்டி ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.