மோசமான வாரத்தை வைத்து வேகத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாகத் தனியாளாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். பள்ளி மாணவர்களுக்கான இயற்பியல் பாடங்கள். வாரம் இரண்டு வீடியோ, தினம் ஒரு ஷார்ட்ஸ். ஸ்கிரிப்ட் எழுதுவது முதல் கமென்ட்டுக்குப் பதில் போடுவது வரை எல்லாம் நானே. சில மாதங்களாகக் கேமராவை எடுத்து வைத்தாலே எரிச்சல் வருகிறது. 'மிஸ், இந்த இடம் புரியவில்லை' என்று ஒரு மாணவர் கேட்டால் கோபம் வருகிறது. முன்பு அப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். பத்து நாள் விடுப்பு எடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய கதை. நிறுத்தினால் அல்காரிதம் என்னை மறந்துவிடுமோ என்றும் பயம். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, மாணவரின் சந்தேகத்துக்குக் கோபம் வந்தது என்பதுதான். வெறும் களைப்பு என்றால் நன்றாகத் தூங்கி எழுந்ததும் அந்தக் கேள்வி மறுபடி பிடித்துப்போயிருக்கும். இது பர்ன்அவுட், அதாவது வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோகும் நிலை, போலத் தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகச் சமாளிக்கப்படாமல் நீடித்த பணியழுத்தத்தின் விளைவு என்றே வரையறுக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையின் மீது கசப்பு வந்து மனம் விலகுவது, முன்புபோல் நன்றாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. உங்களிடம் இரண்டாவது வெளிப்படையாகத் தெரிகிறது. 1974இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ மையத்தில் ஈடுபாட்டோடு உழைத்தவர்களிடம்தான் இதைக் கவனித்தார். அர்ப்பணிப்போடு உழைப்பவர்களே இதற்கு ஆளாகக்கூடியவர்கள் என்றும் எழுதினார். ஆகவே உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம்.

பத்து நாள் விடுப்பு ஏன் பலிக்கவில்லை? நீங்கள் திரும்பி வந்தபோது அதே வேலை, அதே அளவில், அதே இடத்தில் காத்திருந்தது. பர்ன்அவுட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: பணிச்சுமை, கட்டுப்பாடு, பலன், சக மனிதர்கள், நியாயம், மதிப்பீடுகள். விடுப்பு முதலாவதை மட்டும் சில நாட்கள் ஒத்திப்போடும். மற்ற ஐந்தை அது தொடுவதே இல்லை. தனியாக இயங்கும் படைப்பாளிக்குச் சிக்கலே அந்த ஐந்தில்தான். எல்லாம் என் கையில் என்று தோன்றும். வீடியோ யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை வேறொருவரின் மென்பொருள் முடிவு செய்யும். ஒரே அளவு உழைத்த இரண்டு வீடியோக்களில் ஒன்று ஓடும், மற்றொன்று படுத்துவிடும். அலுத்துக்கொள்ளப் பக்கத்து மேசையில் ஓர் ஆளும் இல்லை.

முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு வீடியோவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், பெரும்பாலானோர் படப்பிடிப்பையும் எடிட்டிங்கையும் மட்டும் சொல்வார்கள். பாடத்தைத் திரும்பப் படிப்பது, ஸ்கிரிப்ட், படங்கள் வரைவது, தம்ப்நெயில், தலைப்பு, பதிவேற்றியபின் வரும் பிழை திருத்தங்கள், கமென்ட், மின்னஞ்சல் எல்லாவற்றையும் இரண்டு வாரம் நேரம் குறித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு வீடியோவுக்கு 14 மணி நேரம் என்றால் இரண்டுக்கு 28. ஷார்ட்ஸ் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம், ஏழு நாளுக்கு 14. கமென்ட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஆக 7. மொத்தம் 49 மணி நேரம். இதில் ஓய்வு நாள் என்று ஒன்றுகூட இல்லை. இப்படி ஓர் அட்டவணையை வேறொரு முதலாளி உங்களிடம் நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?

வாரம் இரண்டு, தினம் ஒன்று என்ற வேகத்தை நீங்கள் எந்த வாரத்தில் முடிவு செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு நன்றாக இருந்த, ஒரு வீடியோ நன்றாக ஓடிய, உற்சாகமான ஒரு வாரத்தில்தான் இருக்கும். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். சென்ற ஆண்டின் மிக மோசமான வாரத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். காய்ச்சல், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, கணினியும் மக்கர் செய்தது. அந்த வாரத்தில் முகம் சுளிக்காமல் எவ்வளவு செய்திருக்க முடியும்? பத்து நாளுக்கு ஒரு வீடியோ என்றால் அதுதான் உங்கள் வேகம். நல்ல வாரத்தில் கூடுதலாக ஒன்று முடிந்தால் உடனே வெளியிடாமல் கையிருப்பில் வையுங்கள். மூன்று நான்கு வீடியோ கையிருப்பில் இருக்கும் ஆளுக்கும் நாளைக்கு என்ன போடுவது என்று தவிக்கும் ஆளுக்கும் தூக்கத்திலேயே வித்தியாசம் தெரியும். யூடியூப்பில் வெளியாகும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. செய்திச் சேனல் நடத்துபவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நியூட்டனின் விதிகள் அடுத்த மாதமும் அப்படியேதான் இருக்கும்.

தினசரி ஷார்ட்ஸை இன்றோடு நிறுத்திவிடலாம். கட்டாயம் வேண்டும் என்றால், பெரிய வீடியோவிலிருந்தே இரண்டு துண்டுகளை வெட்டிப் போடுங்கள். தனியாக எழுதித் தனியாகப் படம் பிடிக்க வேண்டாம்.

அல்காரிதம் மறந்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். 2019 நவம்பரில் யூடியூப்பின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி சூசன் வோஜ்சிக்கி படைப்பாளிகளுக்கு எழுதிய கடிதத்தில் இதையே தொட்டார். பல லட்சம் சேனல்களின் இடைவெளிகளை, சில நாள் முதல் பல மாதம் வரை, தங்கள் குழு ஆராய்ந்ததாகவும், திரும்பி வந்தபோது சராசரியாகப் பார்வைகள் போவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகவே இருந்ததாகவும் குறிப்பிட்டார். இது சராசரிதான், சொல்வதும் அந்த நிறுவனமேதான். இவ்விரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நாலு நாள் இல்லாவிட்டால் சேனல் செத்துவிடும் என்ற வதந்திக்கு அது நல்ல பதில். விளம்பர வருமான விஷயத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வீடியோவோ பதிவோ எதுவுமே போடாத சேனல்களின் வருமான வசதி நிறுத்தப்படலாம் என்பது விதி. ஒரு மாத ஓய்வு அதன் பக்கத்தில்கூடப் போகாது. மேலும், பாட வீடியோக்களுக்குத் தேடி வருபவர்கள் அதிகம் இருப்பார்கள். சேனலின் கணக்குகளைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவில், பார்வைகள் எந்த வழியாக வருகின்றன என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேடலிலிருந்து வரும் பங்கு பெரிதாக இருந்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் போட்ட ஒளிவிலகல் பாடம் உங்களுக்காக இன்றும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டுடியோவைத் திறக்கச் சொன்னேன் என்று அதிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். வீடியோ போட்டதும், 'கடைசி பத்தில் எட்டாம் இடம்' என்று காட்டுமே, அது ஒரு வினோதமான மதிப்பெண் அட்டை. பத்தை வரிசைப்படுத்தினால் ஏதோ ஒன்று எட்டாவதாக இருந்தே தீரும். சேனல் முழுவதுமே வளர்ந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். ஆனாலும் மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: எத்தனையாவது கொத்தலுக்கு இரை விழும் என்று தெரியாதபோதுதான் புறா ஓயாமல் கொத்தியது. கைபேசியிலிருந்து ஸ்டுடியோ செயலியை நீக்கிவிடுங்கள். பதிவேற்றியதும் ஒலி, படம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும். எண்களுக்கு வாரத்தில் ஒரு நாள், கணினியில், அரை மணி நேரம்.

கமென்ட்டுகளில் வசைகளுக்கு, தடை செய்யும் சொற்களின் பட்டியலையும் சரிபார்த்தபின் வெளியிடும் அமைப்பையும் பயன்படுத்துங்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களை உண்மையில் கரைப்பவை நல்ல கமென்ட்டுகள். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவது அன்பான காரியம், ஆனால் ஆயிரம் பேருக்கு ஒருவர் செய்யக்கூடிய காரியம் அல்ல. 'சந்தேகங்களை இங்கே எழுதுங்கள், மாதம் ஒருமுறை ஒரே வீடியோவில் பதில் சொல்கிறேன்' என்று மேலே ஒரு கமென்ட்டை நிலைநிறுத்துங்கள். அந்த மாதத்துக்கு ஒரு வீடியோவுக்கான விஷயமும் கிடைத்துவிடும்.

வேலையை மூடும் நேரமும் முக்கியம். முடியாத வேலை மூளையை நச்சரித்துக்கொண்டே இருக்கும். அடுத்து என்ன, எப்போது என்று திட்டவட்டமாக எழுதி வைத்தாலே அந்த நச்சரிப்பு குறைகிறது என்று 2011இல் வெளியான மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆய்வு காட்டியது. கணினியை அணைக்கும் முன் 'நாளை பத்து மணிக்கு மூன்றாம் காட்சியிலிருந்து எடிட்டிங்' என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். படைப்பாளிகளுக்கு இன்னொரு தொல்லை, ஓய்வாகப் பார்ப்பதெல்லாம் வீடியோவுக்கான யோசனையாக மாறிவிடுவது. சேனலில் ஒருபோதும் வராத ஒரு பொழுதுபோக்கை வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் சுமாராக இருந்தால் இன்னும் நல்லது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. விளம்பர வருமானம் மாதத்துக்கு மாதம் ஆடும். கடந்த ஓராண்டில் மிகக் குறைவாக வந்த மாதத்தை ஒட்டி உங்களுக்கென்று ஒரு மாதச் சம்பளத்தை நிர்ணயித்து, மீதியைத் தனிக் கணக்கில் சேருங்கள். சேர்ந்த தொகையில் ஒரு வேலையை வெளியே கொடுக்கலாம். எல்லோரும் எடிட்டிங்கைக் கொடுக்கிறார்கள் என்று நீங்களும் அதையே கொடுக்க வேண்டியதில்லை. எடிட்டிங் பிடித்து, ஸ்பான்சர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது பிடிக்காத ஒருவர் எடிட்டிங்கைக் கொடுத்துவிட்டு மின்னஞ்சலோடு மல்லுக்கட்டினால் அவருக்கு மிஞ்சுவது எரிச்சல்தான். இரண்டு வாரம் நேரம் குறிக்கும்போது எந்த வேலைக்கு முன் பெருமூச்சு விட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கொடுக்க வேண்டியது அதைத்தான்.

ஓர் எச்சரிக்கை. கேமராவை விட்டு விலகியிருக்கும்போதும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மேலே சொன்ன எதுவும் அதற்கு மருந்தல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பாருங்கள். தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் இதே களைப்பைத் தரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

மூன்று வாரம் விடுப்பு எடுங்கள், ஆனால் அட்டவணையை மாற்றிய பிறகு எடுங்கள். பார்வையாளர்களுக்குக் கண்ணீர் விளக்கம் தேவையில்லை. 'இனி பத்து நாளுக்கு ஒரு பாடம்' என்று ஒரு வரி பதிவு போதும். கோபம் வந்ததே அந்த மாணவரின் கேள்வி, அதற்கு இன்னும் பதில் போடவில்லை என்றால் இப்போது போட வேண்டாம். திரும்பி வந்து எடுக்கும் முதல் சந்தேக வீடியோவில் அதை முதல் கேள்வியாக வையுங்கள்.