வெள்ளம் வடிந்த பிறகு பணம் எங்கே போகிறது? கேள்வி பதில்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் ஒரு வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தேன். இப்போது ஓய்வு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர்: மேடம், வெள்ளத்துக்கு அப்புறம் சிமென்ட் விக்குது, கொத்தனாருக்கு வேலை கிடைக்குது. ஜிடிபி கூடும்னு எங்க லெக்சரர் சொல்றார். அப்போ நல்லதுதானே?

லெக்சரர் சொன்னதில் தப்பில்லை. ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கு, அந்த வருஷம் புதிதாக உற்பத்தியானதை மட்டும்தான் எண்ணும். தண்ணீரில் போன ஃபிரிட்ஜை அது கழிக்காது, புதிதாக வாங்கும் ஃபிரிட்ஜைக் கூட்டிக்கொள்ளும். வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஃபிரிட்ஜை இழந்த ஒரு குடும்பம் 25,000 ரூபாய் செலவழித்து அடைந்தது, நவம்பரில் ஏற்கெனவே வீட்டில் இருந்த ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் கடையில் கூட்டம் தெரிகிறது. துணிக்கு வைத்திருந்த காசு ஃபிரிட்ஜுக்குப் போனதால் அந்தப் பொங்கலுக்குத் துணி விற்காத கடை நம் கண்ணில் படுவதில்லை.

ஈக்காட்டுத்தாங்கல் வாசகர்: எங்க அண்ணன் பட்டறைக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. 20 லட்சம் நஷ்டம், 10 லட்சம்தான் வந்தது. ஏமாத்திட்டாங்களா?

அண்ணன் எவ்வளவுக்குப் பாலிசி எடுத்திருந்தார் என்று பாருங்கள். பட்டறையில் 80 லட்சத்துக்குச் சொத்து இருந்து, பிரீமியத்தைக் குறைக்க 40 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், பாதியைத்தான் காப்பீடு செய்ததாகக் கணக்கு. நஷ்டத்திலும் பாதிதான் வரும். நிறையப் பேருக்கு இந்த விதி கிளெய்ம் அன்றுதான் தெரிய வந்தது. கடன் கொடுத்தபோது நாங்கள் இதை உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதே பகுதியில் அடையாற்றை ஒட்டிய ஒரு பட்டறைக்குத் தண்ணீர் வடிந்ததும் போனேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷினின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தார்கள். போர்டு மேல் சேறு படிந்து காய்ந்து வெடித்திருந்தது. மோட்டார்களைக் கழற்றி வெயிலில் வரிசையாக வைத்திருந்தார்கள். முதலாளி மெஷினைப் பற்றிப் பேசவேயில்லை. “மெஷின் திரும்ப வந்துடும் மேடம், பார்ட்டி வருவானா?” என்றார். பார்ட்டி என்று அவர் சொன்னது ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளரை. அவர் கவலை நியாயம்தான். நஷ்டத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து, ரிப்போர்ட் போய், பணம் வருவதற்குள் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். வாடகையும் சம்பளமும் வட்டியும் நிற்காது. சிறு தொழிலை வெள்ளத்தைவிட அதற்கப்புறம் வரும் அந்த மாதங்கள்தான் அதிகம் சாய்க்கின்றன. தாமதமாக வரும் 10 லட்சத்தைவிட முதல் வாரமே கைக்கு வரும் 3 லட்சம் ஒரு பட்டறையைக் காப்பாற்றும் என்பது என் அனுபவம்.

வேளச்சேரி வாசகி: வீட்டுக்கும் பாலிசி உண்டா அக்கா?

உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி இருக்கிறது, வெள்ளமும் அதில் அடங்கும். மேலே சொன்ன பாதிக்கணக்கு அதில் கிடையாது. காருக்கு ஒன்று: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜின் போகும், கிளெய்மும் சிக்கலாகும்.

பெயின்டர் ஒருவர்: வெள்ளத்துக்கு அப்புறம் எங்க கூலி ஏறுச்சு. எங்களுக்கு லாபம்னு எல்லாரும் சொல்றாங்க.

உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் வேலை இல்லை. பாயும் பாத்திரமும் போயிருக்கும், வட்டிக்கு வாங்கியிருப்பீர்கள். ஏறிய கூலி அந்தக் கடனுக்கே சரியாகிவிடும். 2015-இல் குடிசை இழந்தவர்களுக்கு அரசு 10,000 ரூபாயும் மற்றவர்களுக்கு 5,000 ரூபாயும் அறிவித்தது. பணம் வரும்வரை எத்தனை நாள் கடனில் ஓடியது என்பதும் கணக்கில் சேர வேண்டும். 2023 மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாயை ரேஷன் கடையில் ரொக்கமாகவே கொடுத்தார்கள். கையில் காசு இருந்தால் கந்துவட்டிக்காரர் வீட்டுக்குப் போகும் தேவை குறையும்.

நாகர்கோவில் வாசகர்: கேரளாவில் வெள்ளத்துக்கு அப்புறம் யார் காசில் திரும்பக் கட்டினாங்க?

2018 வெள்ளத்துக்குப் பின் மீட்புக்குச் சுமார் 31,000 கோடி ரூபாய் தேவை என்று மதிப்பிட்டார்கள். உலக வங்கிக் கடன் வாங்கினார்கள். 2019 ஆகஸ்டிலிருந்து இரண்டு வருஷம் ஜிஎஸ்டிக்கு மேல் 1 சதவீத வெள்ள செஸ் என்ற கூடுதல் வரி வைத்தார்கள். அதாவது, வீடு முழுகியவரும் டிவி வாங்கும்போது செஸ் கட்டினார். எனக்குப் பிடித்தது, குடும்பஸ்ரீ என்ற கேரள அரசுத் திட்டத்தின் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாக ஒரு லட்சம் வரை கடன் கொடுத்து வட்டியை அரசே ஏற்றுக்கொண்டது.

சமூகப் பணியாளர்: சென்னை ஆற்றங்கரைக் குடும்பங்களை நகரத்தின் தெற்கு ஓரத்துல இருக்கிற பெரும்பாக்கத்துக்கு மாற்றினதை எப்படிப் பார்க்கிறீங்க?

கான்கிரீட் வீடு கிடைத்தது உண்மை. ஆனால் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, காலை ஆறு மணிக்கு வேலைக்கு நிற்க நாலரைக்கே கிளம்ப வேண்டும். பஸ் தாமதமானால் முதல் வீடு போகும், பிறகு இரண்டாவது வீடும் போகும். அரசுக் கணக்கில் வீட்டின் விலை இருக்கிறது, அவர் இழந்த நான்கு வீட்டுச் சம்பளம் எந்தக் கணக்கிலும் இல்லை. போதாததற்குப் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம். அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது.